பிள்ளையாருக்கு வளர்த்த புல்

பேச்சாயியை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கமர்ஜஹான் ஓரவஞ்சனையாகப் பேசுகிறாள் என்று யாரும் குறை சொல்லக்கூடாது. ஓரவஞ்சனையாகத்தான் பேசப்போகிறேன். அவள் மருமகள் அறிவுச்செல்வியைப் பற்றி வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பேகம்பூர் தாண்டி, டவுன் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு. எங்கள் வீட்டுக்கும் பேச்சாயி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே இருமுவோம். பேச்சாயி எரியோடு ஊர்க்காரி. புருசன் செத்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரே மகன் அன்புமணியோடு திண்டுக்கல்லுக்கு வந்தவள். அன்புமணிக்குப் போர்வெல் தொழில். லாரி அவனுடையது அல்ல. தண்ணீர் வேண்டுகிற விவசாயியிடம் பேசி முடித்து, இடம் பார்த்து, லாரியைக் கூட்டிக்கொண்டு போகிற ஏஜெண்டு. தண்ணீர் பீறிட்டால் அவனுக்கு மாலை போடுவார்கள். வெறும் புகை வந்தால் சட்டை கிழியாமல் வீடு வந்து சேர வேண்டும். இப்படி ஒரு தொழிலில் இருக்கிறவன் சகுனம் பார்க்காமல் இருப்பானா? அவன் மறந்தாலும் ஆத்தாக்காரி மறக்க மாட்டாள்.

1996 தை மாதத்தில் அறிவுச்செல்வி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். தொப்பம்பட்டிப் பக்கத்துப் பெண். ‘ங்க’ போடாமல் அவளுக்குப் பேச்சே வராது. தெருநாயை விரட்டும்போதும் "போங்க" என்பாள் போலிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் நூர் முகமது கேலி செய்வார். வந்த புதிதில் மாமியார் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை அடுப்படி வேலை அல்ல, புல் கிள்ளுகிற வேலை.

கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடி நிற்கிற இடத்தில், ஒரு பாய் அகலத்துக்கு அருகம்புல் பாத்தி இருந்தது. தெருமுனை அரசமரத்துப் பிள்ளையாருக்குச் சதுர்த்தி தோறும் மாலை, அன்புமணி புதிதாகப் போர் போடக் கிளம்புகிற நாளெல்லாம் மாலை. பிள்ளையார்மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் எதையும் கேட்கவில்லை, கேட்டதெல்லாம் பேச்சாயிதான். மாலைக்கு இளந்தளிராகப் பார்த்துக் கிள்ள வேண்டும். தண்டு நீண்டு, உச்சியில் காக்கைக் கால் மாதிரி விரல் விரித்து நிற்கிற புல்லைத் தொடக்கூடாது. "முத்துனது சாமிக்கு ஆகாதுடி" என்பாள். ஆகாததை அறுத்துப் போடவும் விடமாட்டாள், சாமிக்கு விட்ட பாத்தியில் அரிவாள் படக்கூடாதாம். ஆகவே தளிரெல்லாம் பிள்ளையாருக்குப் போக, முற்றியதெல்லாம் பாத்தியிலேயே நின்றது. காலை வெயில் ஏறுகிற நேரத்தில் மருமகள் அதன் நடுவில் குந்தி, முகத்தைக் கவிழ்த்துத் தளிர் தேடுவாள்.

முதல் இரண்டு வருசம் ஒன்றும் இல்லை. பேச்சாயி பின்னால் இதைத்தான் சாட்சியாக இழுத்தாள் என்பதால் சொல்கிறேன். மகள் பிறந்து, தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்த கொஞ்ச நாளில் அறிவுச்செல்விக்குத் தும்மல் ஆரம்பித்தது. ஆரம்பித்தால் பத்து, பன்னிரண்டு என்று அடுக்கும். மூக்கு குழாயாக ஒழுகும். கண் சிவந்து அரிக்கும். மேல்வாய் அரிப்பைச் சொறிய முடியாமல் நாக்கால் தேய்த்துத் தேய்த்து ஒரு சத்தம் போடுவாள், அது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இருக்காது.

எங்கள் வீட்டில் ஒருவர் தும்மினால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்வார், கேட்டவர் பதிலுக்கு அவன் அருளை வேண்டி துஆ சொல்வார். சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால், கிளம்பியவன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் நல்லது. என் மாமியாரும் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியவர்தான், அதனால் அடுத்த வீட்டு நம்பிக்கையில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் பன்னிரண்டு அடுக்குகிறவளுக்கு என்ன கணக்கு? பேச்சாயி வாசல்படியில் நின்று எண்ணுவாள். இரட்டைப்படையில் நின்றால் மகன் போகலாம். ஒற்றைப்படையில் நின்றுவிட்டால் அறிவுச்செல்வி, பாவம், இன்னொன்றை வரவழைக்கச் சூரியனை அண்ணாந்து பார்ப்பாள். சின்னப் பேத்தி தும்மினால் "நூறாயுசு, நூறாயுசு" என்று பேச்சாயி நெற்றியை வழிப்பாள். மருமகளுக்கு அந்த வார்த்தையை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒருநாள் துணி காயப்போடும்போது சுவருக்கு மேலே தலையை நீட்டி என்னிடமே சொன்னாள்.

"பாத்தியா கமரு? வந்து ரெண்டு வருசம் கல்லுக்குண்டாட்டம் இருந்தா. ஒரு தும்மல் உண்டுமா? இப்ப ஆத்தா வீட்டுக்குப் போனாலும் தும்மல் இல்லையாம். இங்க வந்து காலை வச்சாத்தேன் வருதாம். எல்லாம் நடிப்பு. இந்த வீடு அவளுக்கு ஆகல, அம்புட்டுத்தேன்."

"தும்மலை யாராச்சும் நடிப்பாகளா அத்தாச்சி? நீங்க ஒண்ணு நடிச்சுக் காட்டுங்க, பாப்போம்" என்றேன். அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அவள் சொன்ன சாட்சி இரண்டும் உண்மைதான், தீர்ப்புதான் அநியாயம். ஆனால் அது அப்போது எனக்கும் தெரியாது.

பேச்சாயி ஒரு சட்டம் போட்டாள். மகன் கிளம்புகிற நேரத்தில் மருமகள் முன்வீட்டில் நிற்கக்கூடாது. கொல்லைக்குப் போய், புல் பாத்தியைத் தாண்டி மதிலோரம் நிற்க வேண்டும், தும்மல் வாசலுக்குக் கேட்காதபடி. அங்கே போய் நின்றால் தும்மல் இன்னும் கூடியது. மருந்தும் மாமியாரே கொடுத்தாள். அதே பாத்தியில் பறித்து அரைத்த அருகம்புல் சாறு. வெறும் வயிற்றில் குடித்தால் எந்த வியாதியும் ஓடும் என்று டவுனில் கோட்டைக்கு நடைப்பயிற்சி போகிறவர்களெல்லாம் வாங்கிக் குடிக்கிற காலம். அறிவுச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மறுநாள் சாற்றுக்கும் அவளேதான் புல் பறித்தாள்.

அப்புறம் மழை பொய்த்தது. 2001, 2002 என்று வருசம் வருசமாகப் பொய்த்தது. குடிதண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினோம். அன்புமணி போட்ட போர்களில் எல்லாம் எழுநூறு, எண்ணூறு அடிக்குக் கீழும் கல்தூள்தான் வந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூளாக வீடு திரும்புவான். அவ்வளவு தூசியைத் தின்ற அவனுக்கு ஒரு தும்மல் கிடையாது. ஒவ்வொரு போர் பொய்த்ததும் பேச்சாயி பிள்ளையாருக்கு இன்னும் பெரிய மாலை நேர்ந்துகொண்டாள். பெரிய மாலைக்கு நிறையப் புல் வேண்டும். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பினாள். ஒரு பாய் அகலம் இருந்த புல் கொல்லை முழுவதும் பரவியது. சுற்றுவட்டாரமே காய்ந்து கிடந்தபோது அந்தக் கொல்லை மட்டும் பச்சைப்பசேல் என்று காக்கைக் கால்களாக நின்றது. புல் பெருகப் பெருகத் தும்மலும் பெருகியது. தும்மல் பெருகப் பெருகப் பேச்சாயி மாலையைப் பெரிதாக்கினாள்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரே விவசாயியின் காட்டில் அடுத்தடுத்து மூன்று துளை போட்டு மூன்றும் புகைந்த நாளில், அந்தக் காட்டுக்காரர் அன்புமணியின் சட்டையைப் பிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தவன் பொண்டாட்டியை அடித்தான். "உன் மூக்கை அறுத்து எறிஞ்சாத்தேன்டி எனக்கு விடியும்" என்று கத்தியது தெருவுக்கே கேட்டது. "ஏலே அன்புமணி! பூமிக்கடியில தண்ணி இல்லேன்னா அவ என்னடா செய்வா? இன்னொரு அடி விழுந்துச்சு, நான் சுவரேறி வருவேன்" என்று கத்தினேன். ஏறியிருக்க மாட்டேன், எனக்கு முழங்கால் வலி. ஆனால் அடி நின்றது.

மறுநாள் அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றி, மூக்கு டாக்டர் இருதயநாதனிடம் கூட்டிப்போனேன். எனக்குள் ஒரு பயம் இருந்தது. எங்கள் வீட்டு மல்லிகைப் பந்தல் அந்தச் சுவரின்மேல்தான் படர்ந்திருந்தது. அதுதான் காரணம் என்றால் பேச்சாயி என்னை உயிரோடு விடமாட்டாள்.

டாக்டர் அவள் முன்கையில் சீசா சீசாவாகச் சொட்டு விட்டு, ஒவ்வொரு சொட்டிலும் ஊசியால் லேசாகக் கீறினார். தென்னை, சீமைக்கருவேலம், பார்த்தீனியம் என்று ஒவ்வொரு மகரந்தமாகப் பார்த்ததில் ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்துச் சிவந்தது.

"அருகம்புல்லு" என்றார்.

"புல்லா? மல்லிகை இல்லையே டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"மல்லிகை, ரோசா எல்லாம் பூச்சியைக் கூப்பிடுற பூம்மா. அதுக்குத்தான் அந்த நெறமும் வாசமும். அதோட மகரந்தம் பிசுபிசுன்னு பூச்சி கால்ல ஒட்டும், காத்துல அவ்வளவாப் பறக்காது. புல்லுக்குப் பூச்சி வேணாம், அது காத்தை நம்பிப் பூக்குது. காத்து எங்க கொண்டுபோய்ப் போடும்னு யாருக்குத் தெரியும்? அதனால மாவை விடப் பொடியா, லேசா, கணக்கில்லாம அள்ளி விடும். ஏதோ ஒண்ணு ரெண்டு இன்னொரு புல்லுல போய்ச் சேரும். மிச்சம் இவங்க மூக்குல."

"அருகம்புல்லுக்கு ஏது டாக்டர் பூ?"

"உச்சியில காக்காக் கால் மாதிரி நிக்குதே, அது என்னன்னு நெனச்சீங்க?"

அறிவுச்செல்வி தடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாவு மில்லுக்குப் போனா மாவும்தானுங்க மூக்குல போகுது. அதுக்குத் தும்மல் நிக்காம வர்றதில்லீங்களே?"

"லேசா இருந்தா மட்டும் பத்தாதும்மா. இந்தத் தூள் மூக்கு ஈரத்துல பட்ட உடனே தன்கிட்ட இருக்கிற புரதத்தைக் கரைச்சு விட்டுரும். அது ஒரு கெடுதலும் செய்யாது. ஆனா சில பேரு உடம்பு அதை எதிரின்னு முடிவு கட்டிரும். எல்லாருக்கும் அப்படி இல்ல. ஏன் சில பேருக்கு மட்டும்னு கேட்டா, வம்சத்துல இருக்கும். அதுக்கு மேல எனக்கும் முழுசாத் தெரியாது."

"எங்க அப்பாவுக்கு மூச்சிளைப்பு உண்டுங்க" என்றாள். அப்புறம் தயங்கித் தயங்கி, மாமியாரின் சாட்சியை அவளே எடுத்து வைத்தாள். "மொத ரெண்டு வருசம் ஏனுங்க வரல?"

"உடம்பு பார்த்த உடனே சண்டைக்குப் போகாது. மொதல்ல ஆளை அடையாளம் பிடிச்சு வச்சுக்கும். அந்தத் தூளுக்குன்னே ஆயுதம் செஞ்சு மூக்குலயும் கண்ணுலயும் காவல் போட்டு வைக்கும். வெளியில ஒரு சத்தமும் தெரியாது. எல்லாம் தயாரான பிறகு அதே தூள் மறுபடி வந்தா வெடிச்சிரும். ஒழுகுறது, அரிக்கிறது, தும்முறது எதையும் தூள் செய்யல. உங்க உடம்பு போடுற சண்டைதான் எல்லாம்."

எனக்குப் பேச்சாயி ஞாபகம் வந்தது. அவளும் முதல் இரண்டு வருசம் சிரித்துக்கொண்டுதானே சோறு போட்டாள்.

"அம்மா ஊருக்குப் போனா வர்றதே இல்லீங்க. அங்கயும் அருகு உண்டுங்களே?"

"ஆடு இருக்கா அங்க?"

"நெறையங்க."

"ஆடு மேயுற ஊர்ல புல்லு பூக்கிற வரைக்கும் நிக்குமா?"

அவள் சிரித்தாள். சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. "அப்ப நான் நடிக்கலீங்கல்ல டாக்டர்?" என்று கேட்டாள்.

"நடிச்சாத் தோல் தடிக்காதும்மா" என்றார் அவர். மாத்திரை எழுதிக் கொடுத்து, புல்லைப் பூக்க விடாமல் அறுத்துவிட்டாலே பாதி குணம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் அவள் கேட்டதும் அவ்வளவுதான். பாத்தியை ஒழிக்கச் சொல்லவில்லை. சாமிக்குத் தளிர் இருக்கட்டும், முற்றுகிற புல்லை மட்டும் வாரம் ஒருமுறை அறுத்துவிடலாம் என்றாள். அந்த வீட்டில் மூக்கு அடைக்காமல், அடி வாங்காமல் மகளோடு இருக்க வேண்டும், அதற்கு மேல் அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை.

பேச்சாயி ஆடித் தீர்த்துவிட்டாள். "பிள்ளையார் புல்லு நோவு குடுக்குமா? நோவைத் தீர்க்கிற புல்லுடி அது! இன்னைக்குப் புல்லை அறுக்கச் சொல்றா, நாளைக்குப் பிள்ளையாரையே தூக்கச் சொல்லுவா. பக்கத்து வீட்டுக்காரி கெளப்பி விட்டு வந்திருக்கா!"

பக்கத்து வீட்டுக்காரி நான்தான். எனக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை. அறிவுச்செல்வி அன்புமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க."

"சாமி விசயத்துல நான் என்ன சொல்ல? சாமி பாத்தியில நான் கை வைக்க மாட்டேன். நீ வேணா கொஞ்ச நாள் உங்க ஊர்ல இரு" என்றான்.

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நாள் என்றது இரண்டு வருசத்துக்கும் மேல் இழுத்தது. அவள் போன அடுத்த மாதமும் போர் புகைந்தது, அதற்கடுத்த மாதமும் புகைந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பேச்சாயி கொஞ்ச நாள் தவித்தாள். பிறகு மழை வந்தது, எல்லார் கிணற்றிலும் ஊறியதுபோல அன்புமணி போட்ட துளைகளிலும் தண்ணீர் வந்தது. "பாத்தியா, தரித்திரம் தொலைஞ்சதும் தண்ணி வந்துருச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அண்ணன் மகளை மகனுக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்கவும் பேசினாள். அந்தப் பெண் புத்திசாலி. மொத பொண்டாட்டி உயிரோடு இருக்கிற வீட்டுக்கு வாக்கப்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இந்தக் காலம் முழுவதும் புல் கிள்ளியது யார்? பேச்சாயிதான். காலை வெயிலில் குந்தி, முகத்தைக் கவிழ்த்து.

ஒருநாள் காலையில் நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தும்மல். பிறகு ஒன்று. பிறகு நிற்காமல் அடுக்கியது. நான் அம்மிக்கல்லை விட்டுவிட்டு எழுந்தே போனேன். எட்டிப் பார்த்தால், புல்லுக்கு நடுவில் பேச்சாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். சந்தோசப்பட்டேன். பொய் சொல்வானேன், நன்றாகவே சந்தோசப்பட்டேன். "தடுமம்டி" என்றாள், நான் கேட்காமலேயே. வெறும் சளி என்று அவள் சொன்ன அந்தத் தடுமம் ஒரு மாதம் இருந்தது. மகன் கிளம்பும் நேரத்தில் அவளே வாயில் துணியை அடைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்ததும் எனக்குத் தெரியும்.

கடைசியில் அன்புமணி அவளையும் அதே இருதயநாதனிடம்தான் கூட்டிப்போனான். டாக்டர் அதே சீசாக்களை எடுத்தார், அதே புல்லைச் சொன்னார். இந்த வியாதி வயசு பார்த்து வருவதில்லையாம்.

தும்மித் தும்மி ஓய்ந்துபோன பேச்சாயிக்குச் சமைக்கவும் முடியவில்லை. அப்போதுதான் அந்த வீட்டுக்கு மருமகள் ஞாபகம் வந்தது. பழையதை மறந்துவிட்டு வரச் சொல்லி, பெரிய மனிதர்களை வைத்துத் தொப்பம்பட்டிக்கு ஆள் அனுப்பினான் அன்புமணி. அவளும் வந்தாள். வம்புக்கு வரவில்லை, இருந்து வாழத்தான் வந்தாள். தோளில் பை, கையில் மகளின் பள்ளிக்கூடப் பை, ஒரு சாக்கில் தேங்காய்கூட இருந்தது. என்னைப் பார்த்து "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

கால் கழுவக் கொல்லைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் சுவரோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கொல்லை வெறும் மண்ணாகக் கிடந்தது. வெட்டிப்போட்ட புல் மூலையில் குவியலாகக் காய்ந்து கிடந்தது.

"புல்லு எங்கீங்க?" என்று பின்னால் வந்த புருசனைக் கேட்டாள்.

"வெட்டிட்டேன். அம்மாவுக்குத் தும்மல் தாங்க முடியல. டாக்டர் அதுதேன் காரணம்னுட்டாரு."

"எப்ப வெட்டுனீங்க?"

"டாக்டரைப் பாத்துட்டு வந்த அன்னைக்கே."

"அன்னைக்கேங்களா?" அவள் குரல் உயரவில்லை. "நான் கேட்டப்ப அது பிள்ளையார் புல்லா இருந்துச்சுங்க. அரிவாளே படக்கூடாதுன்னீங்க. உங்கம்மா தும்முனதும் ஒரே நாள்ல வெறும் புல்லாப் போயிருச்சுங்களா?"

"அதேன் இப்ப இல்லையே. உனக்கும் நல்லதுதானே? பழசை எதுக்குக் கெளறுற?"

அவள் கால் கழுவவில்லை. உள்ளே போய், இறக்கி வைத்த பையைத் தோளில் மாட்டி, மகளின் கையைப் பிடித்தாள். தேங்காய்ச் சாக்கை அங்கேயே விட்டுவிட்டாள். நான் எங்கள் வாசலுக்கு ஓடினேன். அவள் வாசல்படிக்கு வரவும், காய்ந்த புல் குவியலைத் தாண்டி வந்த காற்று வீட்டுக்குள் புகுந்ததோ என்னவோ, நடுவீட்டில் உட்கார்ந்திருந்த பேச்சாயி தும்மினாள். ஒரே ஒரு தும்மல். ஒற்றை.

அன்புமணிக்கு முகம் வெளுத்துவிட்டது. கோபத்தை மறந்துவிட்டான். "வேணாம், போகாத. செத்த நேரம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பு" என்றான்.

அறிவுச்செல்வி ஒரு காலை வெளியே வைத்தபடி திரும்பினாள்.

"நூறாயுசுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, மறுகாலையும் எடுத்து வெளியே வைத்தாள்.

தாயும் மகளும் தெருமுனை திரும்புகிறவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்புமணி நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது தும்மலுக்காக ஆத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது வரவில்லை.